பார்சலில் உன் பெயர் இருந்தால்

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மெயில். தமிழில் ஒரு பக்கம் அடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்காகவாவது கடைசிவரை படி.

தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் லேப்டாப்பில் ஊதா நிறத்தில் ஒரு வெங்காயப் படம் பார்த்தேன். காய்கறி ஆர்டர் செய்கிற ஆப் என்று நினைத்துவிட்டேன், சிரிக்காதே. பிறகு பேச்சுவாக்கில் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "சார், அது டார்க் வெப். கூலிக்குக் கொலை செய்கிறவன்கூட அங்கே கிடைப்பான்" என்று சொல்லி இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தார். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

அந்த வெங்காயம் டோர் என்கிற பிரவுசரின் சின்னமாம், டார்க் வெப் என்கிற மறைவான பக்கங்களை அது மாதிரி பிரவுசரில்தான் திறக்க முடியுமாம். சரி, ரிட்டயர்ட் ஆளுக்கு வேறென்ன வேலை, நானே அந்த டோர் பிரவுசரை இறக்கிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அம்மா செம்பூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம். பயந்துகொண்டே ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தேன். அது அசைந்து அசைந்து வந்து சேருவதற்குள் காபி ஆறிவிட்டது. கூகுள் பக்கம் டச்சு மொழியில் வந்து நின்றது. மேலே ஒரு சின்ன அடையாளத்தைத் தட்டினால் நாம் போகிற வழியைக் காட்டுகிறது: ஜெர்மனி, ஃபின்லாந்து, நெதர்லாந்து, அதற்கப்புறம்தான் பத்திரிகை. மும்பை செம்பூரில் இருந்துகொண்டு நம் நாட்டுப் பத்திரிகையைப் படிக்க ஐரோப்பாவைச் சுற்றி வந்திருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இது நம்ம வேலைதான். ஆர்.எம்.எஸ்-ல் பதினேழு வருடம் ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே தபால் பிரித்தவன் நான். மும்பையிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்று வை. அதை ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள், அதையும் மூன்றாவது பைக்குள் போட்டுக் கட்டுகிறோம். வெளிப் பையின் லேபிளில் புணே என்று மட்டும் இருக்கும். புணேக்காரன் பிரித்தால் உள்பையில் சோலாப்பூர் என்றிருக்கும். சோலாப்பூர்க்காரன் பிரித்தால் குண்டக்கல். குண்டக்கல்காரன் கையில்தான் கடிதமும் போய்ச்சேர வேண்டிய விலாசமும் கிடைக்கும், ஆனால் அனுப்பியது யார் என்று அவனுக்குத் தெரியாது. அனுப்பியவனைத் தெரிந்த புணேக்காரனுக்கோ அது எங்கே போகிறது என்று தெரியாது. டோரில் இந்த மூன்று ஊர்க்காரர்களின் வேலையை, நான் பார்த்த அந்த மூன்று நாட்டுக் கம்ப்யூட்டர்கள் செய்கின்றன. வெங்காயத் தோல் மாதிரி ஒவ்வொன்றாக உரிவதால்தான் இதற்கு ஆனியன் ரூட்டிங், அதாவது வெங்காய வழி, என்று பெயராம். இந்த யோசனையை 1990-களின் நடுவில் உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடம். பின்னே ஏன் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள் என்கிறாயா? கடற்படைக்காரன் மட்டும் பயன்படுத்தினால், பயன்படுத்துகிறவனெல்லாம் கடற்படைக்காரன் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுமே. ஒளிவதற்குக் கூட்டம் வேண்டும்.

அதனால் வெங்காயம் வைத்திருப்பவனெல்லாம் கெட்டவன் என்று நான் இப்போது நினைக்கவில்லை. பிபிசி 2019-ல் அதற்குள் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, தடை செய்கிற நாடுகளில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று. ஃபேஸ்புக் 2014-லேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆபீஸில் நடக்கிற ஊழலைப் பத்திரிகைக்குச் சொல்ல நினைக்கிறவன் பெயர் தெரியாமல் காகிதங்களை அனுப்ப செக்யூர்டிராப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதுவும் டோர் வழியாகத்தான். கீழ்வீட்டுக்காரர் சொன்ன கூலிக்கொலைக் கடைகளில் அம்பலமானவற்றைப் பற்றிப் படித்தேன், முன்பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிற கோஷ்டிகள். இன்னொன்று, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிற எல்லாமே டார்க் வெப் என்று அவர் சாதிக்கிறார். அப்படிப் பார்த்தால் என் பென்ஷன் ஸ்லிப்பும் டார்க் வெப்தான். அது டீப் வெப், சும்மா பூட்டின அறை.

இதுவரை எழுதியது உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். இனிமேல் எழுதுவதுதான் உன் அப்பாவுக்குத் தெரிந்தது.

சர்வீஸின் கடைசி ஒன்பது வருடம் நான் பல்லார்ட் எஸ்டேட்டில், ஃபாரின் போஸ்ட் ஆபீஸில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்ன பார்த்தேன் என்று வீட்டில் அதிகம் பேசியதில்லை. வெளிநாட்டுச் சின்னப் பார்சல்களில் சி.என். 22 என்று ஒரு பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கும், உள்ளே என்ன, என்ன விலை என்று எழுத. ஒருநாள் கஸ்டம்ஸ்காரர் ஒரு வாழ்த்து அட்டையைப் பிரித்தார். பச்சைச் சீட்டில் பரிசு என்று எழுதியிருந்தது, அட்டையில் பொம்மைக் கரடி. அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே, தபால்தலையில் கால்வாசி அளவுக்குக் கட்டம் கட்டமாக வண்ணக் காகிதம். எல்.எஸ்.டி. என்கிற போதைப்பொருள் அதில் ஊறியிருந்தது. உங்கள் வயதுப் பையன்கள் அதற்கு ஸ்டாம்ப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது வயிற்றெரிச்சல். மூன்று நாடு சுற்றி, மூன்று பூட்டுப் போட்டு, டார்க் வெப் கடையில் பிட்காயினில் பணம் கட்டி வாங்கின சரக்கு, கடைசியில் தபால் பையில்தான் வந்து விழுகிறது. அதன்மேல் ஒருவனுடைய பெயரும் கதவு எண்ணும் பின்கோடும் கொட்டை எழுத்தில்.

அப்படிப்பட்ட பார்சலை உடனே பறிமுதல் செய்வார்கள் என்று நினைக்காதே. சில சமயம் அப்படியே போகவிடுவார்கள். போதைப்பொருள் சட்டத்தில் 50ஏ பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. தபால்காரர் பெல் அடிப்பார், பத்தடி பின்னால் மாடிப்படியில் ஆள் நிற்கும். டெலிவரியில் இருந்த என் சிநேகிதர் அப்படி ஒரு வீட்டுக்குப் போனதைச் சொல்லியிருக்கிறார். அரை டிரவுசரும் ஹவாய் செருப்புமாக ஒரு பையன் வந்து, "தாங்க்ஸ் அங்கிள்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் படியில் இருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். அந்தப் பேனாவை அப்புறம் தன்னால் பயன்படுத்தவே முடியவில்லை என்றார்.

கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. 2017-ல் டச்சு போலீஸ் ஹன்சா என்கிற டார்க் வெப் கடையைப் பிடித்து, மூடாமல், ஏறக்குறைய ஒரு மாதம் தாங்களே கல்லாவில் உட்கார்ந்து நடத்தினார்கள். வாங்க வந்தவர்களின் விலாசங்களைச் சேர்த்து, வெளிநாட்டு விலாசம் மட்டுமே சுமார் 10,000, ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலிடம் கொடுத்தார்கள். 2013-ல் ஹார்வர்டில் ஒரு பையன் பரீட்சைக்குப் பயந்து டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பினான். காலேஜ் வைஃபையில் அந்த நேரத்தில் யாரெல்லாம் டோர் திறந்தார்கள் என்று பார்த்தே அவனிடம் வந்துவிட்டார்கள். நீ எங்கே போகிறாய் என்பதைத்தான் அது மறைக்கும், நீ டோரைத் திறந்திருக்கிறாய் என்பதை மறைக்காது. பிட்காயின் கணக்கும் ஊரே பார்க்கிற பேரேடுதான், அதை இங்கே எக்ஸ்சேஞ்சில் வாங்க நீ பான் கார்டு கொடுத்தாக வேண்டும். கடைசிப் பையைப் பிரிக்கிறவன் யோக்கியன் என்றும் நம்பாதே. 2007-ல் ஸ்வீடன்காரர் ஒருவர் அந்தக் கடைசி இடத்தில் ஐந்து கம்ப்யூட்டரை வைத்து, பல நாட்டுத் தூதரகங்களின் மெயில் பாஸ்வேர்டுகளை அள்ளிவிட்டார்.

சட்டத்தையும் படித்தேன். டோர் வைத்திருப்பது குற்றம் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அந்த வரைக்கும் நிம்மதி. ஆனால் வெளியே எது குற்றமோ அது உள்ளேயும் குற்றம். குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசத்தை ஐ.டி. சட்டம் 67பி-யின்படி தேடுவதே குற்றம், முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை. எல்.எஸ்.டி. 0.1 கிராம் இருந்தாலே வியாபார அளவு என்று கணக்கு, குறைந்தது பத்து வருடம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. உன் கையில் இருந்தால் தெரிந்தேதான் வைத்திருந்தாய் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீ.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், தீபாவளியன்று இரவு சாப்பிடும்போது நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். உன் ரூம்மேட்டுக்கு வாரம் ஒரு கவர் வருகிறது, சில சமயம் உன் பெயரிலேயே வருகிறது, "அவன் ஆபீஸ் போயிட்டா நான் வாங்கி வைப்பேன்பா" என்றாய். அம்மா இன்னொரு தோசை போட்டாள், பேச்சு மாறிவிட்டது. எனக்கு அன்றிலிருந்து தோசையே இறங்கவில்லை. அந்த ஊதா வெங்காயத்துக்காக நான் பயப்படவில்லை தம்பி, இந்தக் கவருக்காகத்தான். புத்தகமாக இருக்கலாம், போன் உறையாக இருக்கலாம். அந்தப் பையனை நான் பார்த்ததுகூட இல்லை, பழி சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தன் பெயர் இருக்கும்போது உன் பெயரை ஏன் எழுதுகிறான்? நேராகக் கேள். அடுத்த கவர் வந்தால், இது நான் ஆர்டர் செய்ததில்லை, வேண்டாம் என்று சொல். தபால்காரர் மறுக்கப்பட்டது என்று எழுதித் திருப்பி எடுத்துக்கொண்டு போவார், உன்மேல் கோபப்பட மாட்டார். வாடகை ஒப்பந்தமும் வைஃபையும் உன் பெயரில்தானே? அதையும் யோசி.

அம்மா கதை உனக்குப் பாதிதான் தெரியும். போன வருடம் ஒருவன் கூப்பிட்டு, அவள் முழுப்பெயர், பழைய வீட்டு விலாசம், கார்டின் கடைசி நாலு எண் எல்லாம் சொல்லி, உங்கள் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீடியோவை அணைக்காதீர்கள் என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டான். 24,000 ரூபாய் போய்விட்டது. தபால் இலாகாக்காரன் மனைவிக்கே! சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்ததில் அதில் கொஞ்சப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். எங்கிருந்தோ கசிந்த விவரங்கள் இப்படித்தான் கட்டுக்கட்டாக டார்க் வெப்பில் விலைபோகின்றனவாம். ஹேவ் ஐ பீன் ப்வோண்ட் என்கிற தளத்தில் உன் மெயிலைப் போட்டுப் பார், என்னுடையது நாலு இடத்தில் கசிந்திருக்கிறது. எனக்கு நீ வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன், அதில் உன் பிறந்த தேதி இருந்தது.

அம்மா தட்டையும் எள்ளுருண்டையும் செய்திருக்கிறாள். புதன்கிழமை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், அனுப்புநர் இடத்தில் என் பெயர் இருக்கும். அதைத் திருப்பி அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாக, அந்தப் பையன் என்ன சொன்னான் என்று சொல்.

அப்பா
செம்பூர்