லோ சுகரும் செரோடோனினும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. சின்னவள் உயிரியலில் நல்ல மார்க் எடுத்ததைப் படித்ததும் என் பிள்ளையே எடுத்த மாதிரி இருந்தது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முட்டிவலிதான் விட்டபாடில்லை.

செரோடோனின் மகிழ்ச்சி ஹார்மோன்தானே, அதற்கும் சுகர் இறங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாளாமே. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எங்கள் வார்டில் ஒரு டெஸ்ட் உண்டு. வெறும் வயிற்றோடு வருபவருக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.15 யூனிட் வரை இன்சுலினை ரத்தக்குழாயில் போட்டு, வேண்டுமென்றே சுகரை 40க்குக் கீழே இறக்குவோம். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வரும், அப்புறம் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை, கைநடுக்கம், அகோரப் பசி. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றிய சிரிஞ்ச் தட்டில் தயாராக இருக்கும், டாக்டர் பக்கத்தை விட்டு நகரமாட்டார். வலிப்பு, இதயநோய் உள்ளவர்களுக்கு இதைச் செய்வதே இல்லை. அரைமணிக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், நல்ல பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனையும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனையும் கொட்டியிருக்கும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் ஏறியிருக்கும். ஏசிடிஎச் போய் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டுவதால் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும்.

பிட்யூட்டரிக்கு உத்தரவு கொடுப்பது அதற்கு மேலே மூளையில் இருக்கும் ஹைபோதாலமஸ் என்ற பகுதி. அந்த ஹைபோதாலமஸுக்கு மூளைத்தண்டிலிருந்து வரும் நரம்புகளில் ஒரு கூட்டம் செரோடோனினைச் சுரப்பவை. 1973இல் அமெரிக்காவில் சைப்ரோஹெப்டடின், மெதிசெர்ஜைடு என்ற செரோடோனின் தடுப்பு மருந்துகளை ஆட்களுக்குக் கொடுத்து இதே இன்சுலின் சோதனையைச் செய்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. அடுத்த வருஷமே சைப்ரோஹெப்டடின் கார்டிசாலையும் மட்டுப்படுத்துகிறது என்று தெரிந்தது, 1975இல் டோரதி க்ரீகர் என்ற அமெரிக்க டாக்டர் அதையே, கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கேட்டது, ஆனால் அது நிலையான சிகிச்சையாகவில்லை. மறுபக்கமும் உண்டு: 2008இல், செரோடோனினின் வேலையைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸெட்டினை ஆறு வாரம் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு லோ சுகரின்போது அட்ரினலின் முன்பைவிட அதிகமாகச் சுரந்தது.

அதற்காக எல்லாவற்றையும் செரோடோனின் தலையில் கட்டிவிடக் கூடாது, நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்துக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. வாழைப்பழம் சாப்பிட்டால் மூளையில் செரோடோனின் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் அவள் நம்ப வேண்டாம். உடம்பின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழைய முடியாது, மூளை தனக்கு வேண்டியதை சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் டிரிப்டோபனிலிருந்து தானே செய்துகொள்கிறது.

இன்னொன்று, இது உனக்கு. சைப்ரோஹெப்டடின் யாருக்கோ வந்த மருந்து இல்லை, பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று நம் ஊரில் மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கும் பசி சிரப்பில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பிள்ளை உயரமாகவில்லை என்று கூட்டிவரும் அம்மாக்களும் அதைத்தான் மாதக்கணக்கில் கொடுத்திருப்பார்கள். கேட்டால் "மருந்து எதுவும் கொடுக்கலையே" என்பார்கள், ஏனென்றால் சிரப்பை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் நான் சிரப், டானிக் என்று பேர் சொல்லியே கேட்பேன். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு டெஸ்டுக்குப் போனால் ரிசல்ட்டை எப்படி நம்புவது? உன் நாத்தனார் பையனுக்கு வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் எழுதியிருப்பதாகச் சொன்னாயே, அவன் என்னென்ன குடிக்கிறான் என்று பாட்டிலோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சின்னவளுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் எனக்கே போன் பண்ணட்டும். ஞாயிறு மதியம் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
சாந்தி