ஓரோவில் கலிங்கு வேலை முடிந்தது, இதோ கணக்கு

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2017-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணைக் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) உடைந்த பிறகு நீங்கள் அமைத்த தண்ணீர்க் குழு இந்த அறிக்கையோடு கலைகிறது. நாம் போய் ஒரு கூடை ஜல்லிகூட அள்ளிப் போடவில்லைதான், ஆனால் ஓரோவில் அணைத் தண்ணீரை வாங்கும் 29 வாரியங்களில் நம் ஊருக்குத் தண்ணீர் விடுகிற வாரியமும் ஒன்று என்பதால், அங்கே கொட்டிய காசில் ஒரு துளி நம் வீட்டு பில்லிலும் வந்து விழும். அதனால்தான் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. ஃபெதர் ஆற்றின் குறுக்கே 770 அடி உயரத்தில் நிற்கும் இந்த அணைதான் அமெரிக்காவிலேயே உயரமானது, 1968-இல் கட்டி முடித்தது. உபரி நீர் இறங்க சுமார் 3,000 அடி நீளத்தில் ஒரு கான்கிரீட் சரிவு, அதாவது தமிழ்நாட்டு ஏரிக் கலிங்குதான், என்ன, பெரியது. 2017 பிப்ரவரி 7-ஆம் தேதி தண்ணீர் திறந்திருக்கும்போதே அதன் நடுவில் பெரும் பள்ளம் விழுந்தது. திறப்பைக் குறைத்தார்கள், அணை நிரம்பியது, 11-ஆம் தேதி அணையின் வரலாற்றிலேயே முதல்முறையாக அவசரக் கலிங்கு, அதாவது முதல் கலிங்கு போதாதபோது வழிவதற்கான இரண்டாவது கலிங்கு, வழிந்தது. அதன் கீழே கான்கிரீட் தளம் கிடையாது, வெறும் மலைச்சரிவு. மண் அரித்துக்கொண்டே அந்தக் கலிங்குச் சுவரின் அடிவரை வந்துவிட, சுவர் சரிந்துவிடுமோ என்ற பயத்தில் மறுநாள் மாலை ஏறக்குறைய 1,88,000 பேரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அன்றிரவு சாக்ரமெண்டோ குருத்வாராக்கள் கதவைத் திறந்துவைத்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டதை இங்கே சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

சரி, ஏன் உடைந்தது? 2018 ஜனவரியில் வந்த தனி நிபுணர் குழுவின் அறிக்கையை முழுக்கப் படித்தோம், இரண்டு பேருக்குத் தூக்கம் வந்தது, ஆனாலும் படித்தோம். கான்கிரீட் தளத்துக்கு அடியில் போட்ட வடிகால் குழாய்கள் தளத்துக்குள்ளேயே துருத்திக்கொண்டிருந்ததால் அந்த இடங்களில் தளம் மெல்லிசாகி, குழாய் போன வழியெல்லாம் விரிசல். விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் அடியில் அழுத்தம் கொடுத்துத் தளத்தையே தூக்கிவிட்டது. கீழே இருந்த பாறையும் பல இடங்களில் உளுத்துப்போன பாறை. இது கட்டின காலத்துப் பிழை, ஆனால் அதற்கப்புறம் ஐம்பது வருஷமாக எத்தனையோ ஆய்வு நடந்தும் மேலே தெரிந்த விரிசலைப் பூசிக்கொண்டே இருந்தார்களே தவிர, அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அவசரக் கலிங்குக்குக் கீழே கான்கிரீட் போடுங்கள் என்று 2005-லேயே சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்டிருக்கின்றன. அதிகாரிகள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை நன்றாகவே நடந்தது, அதில் எங்களுக்குக் குறையில்லை. புதுத் தளம் குறைந்தது 2.5 அடி கனம், பாறைக்குள் நங்கூரக் கம்பிகள் முன்னைவிட ஆழமாக இறங்கியிருக்கின்றன. அவசரக் கலிங்குக்குக் கீழே மலைச்சரிவில் ஒன்றோடொன்று கோத்த கான்கிரீட் தூண்களால் 1,450 அடி நீளத்துக்கு ஒரு நிலத்தடிச் சுவர், மண் இனி மேல்நோக்கி அரித்துப் போகாதபடி. புதுத் தளத்தில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தபோது நம்மில் சிலர் பதறிப்போய் எழுதினீர்கள். அவ்வளவு கனமான கான்கிரீட் ஆறும்போது அப்படி வருவது எதிர்பார்த்ததுதான் என்று பொறியாளர்கள் பதில் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 2-ஆம் தேதி புதுச் சரிவில் தண்ணீர் விட்டுப் பார்த்தாகிவிட்டது.

இனி காசு. அரசின் ஆரம்ப மதிப்பீடு 23 கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டியது. கீவிட் நிறுவனம் 27.54 கோடிக்கு ஒப்பந்தம் எடுத்தது, அதுதான் வந்ததிலேயே குறைந்த விலை. தோண்டத் தோண்ட நல்ல பாறை இன்னும் கீழே என்று தெரிந்தது, வேலையும் கூடியது, அந்த ஒரு ஒப்பந்தமே 50 கோடியைத் தாண்டிவிட்டது. அவசரகாலச் செலவு, துணை வேலைகள் எல்லாம் சேர்ந்து மொத்தக் கணக்கு 110 கோடி டாலர். வீட்டில் ஓடு மாற்றலாம் என்று ஆளைக் கூப்பிட்டு, கைமரமே செல்லரித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பேரிடர் என்பதால் மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா பெரும்பங்கைத் தரும் என்று நம்பியிருந்தோம். 2019-இல் நாம் எதிர்பார்த்ததில் 30 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைத் தர முடியாது என்று அவர்கள் மறுத்தார்கள். சரிவின் மேல்பகுதியில் இருந்த கோளாறு வெள்ளத்தால் வந்ததல்ல, பழைய கோளாறு, அதற்கு எதற்கு நாங்கள் கொடுக்க வேண்டும் என்பது வாதம். உள்ளதைச் சொன்னால், அதைப் படித்தபோது எங்களால் கோபப்பட முடியவில்லை, நிபுணர் அறிக்கையும் ஏறக்குறைய அதைத்தானே சொன்னது. மாநிலம் மேல்முறையீடு செய்து, 2021 தொடக்கத்தில் 30.8 கோடி டாலருக்கு ஒப்புதல் வந்தது. ஃபீமா கொடுத்தது போக மீதி, தண்ணீர் வாங்கும் வாரியங்கள் தலையில் பங்கு பங்காக விழுகிறது. ஒரே வருஷத்தில் அல்ல, பல வருஷங்களுக்கு.

குழுவின் சொந்தச் செலவு இரண்டு முறை ஓரோவில் போய்வந்த பெட்ரோலும் காபியும்தான். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, கேட்டால் காட்டுவார்.