எஃப்4 வரிசையில் நிற்கும் அக்காவுக்கு: பிள்ளைகளின் 21 வயதுக் கணக்கு

அன்புள்ள அக்கா,

அமெரிக்கக் குடிமகனான அண்ணன் உங்களுக்காக, உடன்பிறந்தவர்களுக்கான எஃப்4 விசாப் பிரிவில், 2007 மார்ச் 12 அன்று ஐ-130 என்ற உறவினர் மனுவைப் போட்டார். அது 2012 ஜூன் 20 அன்றுதான் அப்ரூவ் ஆனது. மகள் பிறந்தது 2000 ஜூன் 2, மகன் 2001 அக்டோபர் 5. "இரண்டு பேருக்கும் 21 தாண்டிவிட்டது, இனி நாங்கள் இருவர் மட்டும்தான் போக முடியுமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பிறந்தநாள் கேக்கில் இருக்கும் வயது வேறு, விசாவுக்குப் பார்க்கும் வயது வேறு.

2002 ஆகஸ்ட் 6 முதல் சிஎஸ்பிஏ (குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம்) என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் முறை வரும் நாளில் பிள்ளைக்கு உள்ள வயதை எடுத்து, மனு அலுவலகத்தில் கிடந்த காலத்தை அதிலிருந்து கழிக்கச் சொல்கிறது அது. மிச்சம் 21-க்குக் கீழே இருந்தால், பிள்ளை இன்னும் "குழந்தை"தான். உங்கள் மனு கிடந்தது 5 வருஷம் 100 நாள், அதாவது 1,927 நாள். அன்றைக்கு எரிச்சலைக் கிளப்பிய அந்தத் தாமதம்தான் இன்று உங்கள் பிள்ளைகளின் கையிருப்பு. அப்ரூவ் ஆன பிறகு வரிசையில் காத்திருக்கும் வருஷங்களுக்குக் கழிவு கிடையாது. பலரும் 2007-லிருந்து இன்றுவரை மொத்தத்தையும் கழித்து ஏமாந்துபோகிறார்கள்.

மாதாமாதம் புதிதாகக் கணக்குப் போட வேண்டாம். 21-உடன் அந்த 5 வருஷம் 100 நாளைக் கூட்டினால் 26 வருஷம் 100 நாள். மகள் அந்த வயதைத் தொடுவது 2026 செப்டம்பர் 10, மகன் தொடுவது 2028 ஜனவரி 13. முறை வரும் நாள் என்பது, அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் என்ற பட்டியலில் உங்கள் மனுத் தேதி கரண்ட் ஆகும் (விசா கிடைக்கும் நிலைக்கு வரும்) மாதத்தின் முதல் தேதி. ஆகவே மகளுக்குக் கடைசி வாய்ப்பு 2026 செப்டம்பர் புல்லட்டின், மகனுக்கு 2028 ஜனவரி புல்லட்டின். இந்த இரண்டு மாதங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். வயதுக்குப் பார்க்க வேண்டியது 'ஃபைனல் ஆக்‌ஷன் டேட்ஸ்' மட்டுமே. அங்கே எஃப்4 வரிசையில் இந்தியாவுக்கு நேரே உள்ள தேதி 2007 மார்ச் 12-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதே தேதி நின்றால் போதாது. 2025 முழுக்க அது 2006-க்குள்ளேயே நகர்ந்துகொண்டிருந்தது. 'டேட்ஸ் ஃபார் ஃபைலிங்' அட்டவணை முன்னதாகவே ஓடும், அது காகிதங்களை அனுப்புவதற்கான அழைப்பு மட்டும். அமெரிக்காவுக்குள் இருந்தே கிரீன் கார்டு கேட்டு ஐ-485 விண்ணப்பம் போடுபவர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் அந்த அட்டவணையை வைத்தே வயதைக் கணக்கிட்டார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் பழைய விளக்கங்கள் நிறையக் கிடக்கின்றன, தேதி பார்த்துப் படியுங்கள்.

வயது தப்பினாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. தேதி கரண்ட் ஆன நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பிள்ளை குடியேற்ற விசாவுக்கு முயன்றதாகப் பதிவு இருக்க வேண்டும். பிள்ளைக்கான டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தைச் சமர்ப்பிப்பதும் விசாக் கட்டணத்தைக் கட்டுவதும் அப்படிப்பட்ட பதிவுகள். கட்டணம் ஆளுக்கு 325 டாலர். அண்ணனின் ஐ-864 ஆதரவுப் பத்திரத்துக்குக் குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே 120 டாலர். உங்கள் படிவத்தில் மகன் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அவனுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். "நாங்கள் முதலில் போய் வீடு பார்க்கிறோம், அவன் படிப்பை முடித்துவிட்டு வரட்டும்" என்ற திட்டம்தான் இங்கே பல குடும்பங்களைக் கவிழ்க்கிறது. அவன் பிறகு வரலாம், தவறில்லை. ஆனால் அவனுடைய படிவமும் பணமும் அந்த ஒரு வருஷத்துக்குள் போயிருக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். 25 வயதுப் பெண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது என்று வீட்டில் கேட்பார்கள். இந்தச் சட்டம் திருமணமாகாத பிள்ளைக்கு மட்டுமே. நிச்சயதார்த்தம் செய்துகொள்ளலாம். தாலி கட்டுவதும் பதிவு செய்வதும் விசா கையில் வந்த பிறகும்கூட வேண்டாம். அமெரிக்க விமான நிலையத்தில் இமிக்ரேஷன் முடியும்வரை பொறுக்க வேண்டும். திருமணத்தை மறைத்துப் போவதை நினைத்தே பார்க்காதீர்கள். பொய் வெளிப்பட்டால் வாழ்நாள் தடை விழலாம், குடும்பம் மொத்தமும் சிக்கலில் மாட்டும்.

மகளின் செப்டம்பர் தவறிவிட்டால் என்ன ஆகும்? 2007-இன் இடம் அவளுக்குத் தொடராது. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குயேயார் டி ஒசோரியோ வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது. எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் அதுதான் சட்டம். நீங்கள் கிரீன் கார்டு வாங்கிய பிறகு அவளுக்காக எஃப்2பி பிரிவில் (கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 வயதைத் தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகளுக்கானது) புது மனு போட வேண்டும். 2025-இல் அந்த வரிசை 2016-ஆம் ஆண்டு மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காலமும் அவள் திருமணம் செய்யக் கூடாது. நீங்கள் குடியுரிமை பெறுவதற்கு முன்பு அவள் திருமணம் செய்தால் மனு செத்துவிடும். அத்தனை வருஷம் அவளை நிறுத்தி வைப்பதா என்பதை அவளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவள் வாழ்க்கை அது.

இப்போதே செய்ய வேண்டியது காகித வேலை. அண்ணன் வீடு மாறியிருந்தால் தேசிய விசா மையத்தில் முகவரி, மின்னஞ்சல் இரண்டையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அழைப்பு பழைய முகவரிக்குப் போய் ஒரு வருஷம் கழிந்துவிடுவது உண்டு. பிறப்புச் சான்றிதழ்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் இல்லாமல் பெற்றோர் பெயர் மட்டும் உள்ள பழைய சான்றிதழ் என்றால், மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைப் பதிந்து புதுப் பிரதி வாங்குங்கள். அதில் "கார்த்திக்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் சுப்பிரமணியன்" என்று இருந்தால் அப்பா பெயர்தான் இனிஷியல் என்று காட்டப் பள்ளிச் சான்றிதழும் சேர்த்து வையுங்கள்.

வயதை இறுதியாக முடிவு செய்வது நேர்காணல் அதிகாரி. மனு போட்ட தேதி, அப்ரூவ் ஆன தேதி, கரண்ட் ஆன மாதம், மிச்ச வயது, இந்த நான்கையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து, ஐ-797 அப்ரூவல் நோட்டீஸின் நகலையும் அந்த மாதப் புல்லட்டினின் அச்சுப் பிரதியையும் பின்னால் கோத்துக் கொண்டுபோங்கள். அந்த நோட்டீஸ் அண்ணனிடம் தொலைந்திருந்தால் ஐ-824 படிவம் போட்டு மறுபிரதி கேட்கலாம். அது வரப் பல மாதம் ஆகும், அதனால் இந்த வாரமே அவரைப் பழைய கோப்புகளில் தேடச் சொல்லுங்கள்.