பனங்கட்டைக்கு வழியில் ஒரு கேள்வியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் ஊர்க் கண்மாய் அருகே, பனைமரத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. எங்கே போகிறது என்று கேட்டேன். “காளவாசலுக்குங்கய்யா” என்றார் ஓட்டுநர், செங்கல் சூளையைத்தான் அப்படிச் சொன்னார். கலெக்டர் அனுமதி வாங்கியாச்சா என்றதற்குச் சிரித்துவிட்டார். “பட்டா நிலத்து மரத்துக்கு எதுக்குங்கய்யா கலெக்டரு?”

அவர் பொய் சொல்லவில்லை, தெரியாமல்தான் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன். பனையை வெட்ட வேண்டிவந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில், தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொன்னார்கள். எங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் இன்றுவரை அதுபற்றி ஒரு வரி இல்லை.

அதே ஓட்டுநர் சந்தனக் கட்டை ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைத்தெருவைத் தாண்டுவாரா? மாட்டார். வழியில் பிடிப்பார்கள் என்று தெரியும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தைக்கூட, 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவைக் கேட்காமல் வெட்ட முடியாது. மாநில மரமான பனைக்கு மட்டும் வழியில் ஒரு கேள்வியும் இல்லை.

வெட்டியே தீரவேண்டியவர்களும் உண்டு. வீட்டின் மேல் சாய்ந்துநின்ற பட்டுப்போன பனைக்காக என் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று முறை அலைந்தார். யாரிடம் மனுக் கொடுப்பது என்றே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது அரசின் உழவன் கைபேசிச் செயலியில் விண்ணப்பிக்கலாம், வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்து நட வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆவணியில் புதைத்த கொட்டையைப் பொங்கலுக்குக் கிழங்காகப் பிடுங்கி அவித்துத் தின்கிற ஊர் எங்களுடையது! தப்பிப் பிழைப்பதும் பாளை விட்டு ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நட்டதைப் பிறகு வந்து எண்ணப்போவது யார்?

ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் காவல் காக்க முடியாது. காளவாசல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். பனங்கட்டை இறங்கும்போது அனுமதி ஆணையின் நகல் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் காளவாசல் உரிமத்தில் கை வைப்போம் என்று ஒரு நிபந்தனை போட்டாலே பாதி வெட்டு நின்றுவிடும்.

டிராக்டர் போனபின் கரையில் ஏறிப் பார்த்தேன். புதிதாக ஏழு அடிக்கட்டைகள். ஏழும் கண்மாய்க்கரையில்தான் இருந்தன, யார் பட்டாவிலும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாயல்குடி