முடிவெட்டி வந்த நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப்பிராணி வளர்ப்பு குறித்து நாளிதழ்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் தீனி, தடுப்பூசி, உண்ணி என்ற அளவில் நின்றுவிடுகின்றன. குரூமிங், அதாவது கடையில் குளிப்பாட்டி முடிவெட்டும் வேலை, முடிந்து வீடு திரும்பும் சின்ன நாய் ஏன் கட்டிலுக்கடியில் ஒடுங்குகிறது, தீனியை ஏன் முகர்ந்துவிட்டு விலகுகிறது என்று யாரும் எழுதக் காணோம். 'முடியை வெட்டியதில் கோபம்' என்றோ 'வெட்கம்' என்றோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. நடந்ததன் பதற்றம் இன்னும் அடங்காமல் இருக்கலாம். அல்லது உடம்பில் எங்கோ வலிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்று நான்கு கிலோ எடையுள்ள ஷிட்ஸூவோ பொமரேனியனோ உயரமான மேசையில் கழுத்துச் சுருக்கோடு வெகுநேரம் நிற்கிறது. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். அந்தக் காதருகே முடி உலர்த்தும் டிரையர் அலறுகிறது. முறை வரும்வரை கூண்டில் காத்திருப்பு, பக்கத்துக் கூண்டில் ஓயாத குரைப்பு. உடலில் ஏறிய பதற்ற ஹார்மோன்கள் வீட்டு வாசலை மிதித்ததும் இறங்கிவிடுவதில்லை. அன்று முழுக்கத் தூங்குவது, நிறையத் தண்ணீர் குடிப்பது, ஒருவேளை சாப்பிடாமல் இருப்பது, தொட்டால் நகர்ந்துகொள்வது எல்லாம் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில், படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் அது பதற்றமல்ல, வலியாக இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை உடம்பைப் பார்ப்பது. கடையிலேயே நாலடி நடக்கவிட்டுப் பாருங்கள். பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தால், வெட்டும்போது காலைப் பக்கவாட்டில் அதிகம் இழுத்திருக்கலாம். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு எளிதில் விலகும். ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தால் ஷாம்போ பட்டிருக்கலாம். பக், ஷிட்ஸூ போன்ற இனங்களின் துருத்திய கண்கள் சீக்கிரம் புண்ணாகும் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வந்தால் கழுத்துச் சுருக்கு மூச்சுக்குழாயை அழுத்தியிருக்கலாம். அந்த நாய்க்கு இனிக் கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போதும். இருமல் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மீதிச் சோதனையை வீட்டில் நாய் தானாகப் படுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அக்குள், தொடை இடுக்கு, வயிறு, வாலடி, விரலிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. முடிவெட்டும் கருவியான கிளிப்பரின் பிளேடு ஓட ஓடச் சூடாகும். சூடான பிளேடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் தோல் சிவந்து எரியும். அதன் மேல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். மனிதர்களுக்கான களிம்பு எதையும் தடவாதீர்கள். நக்கி விழுங்கிவிடும், துத்தநாகம் கலந்த களிம்பானால் விஷமாகும். எரிச்சலைவிட நக்குவதுதான் பெரிய கெடுதல். லேசான சிவப்பை ஓயாமல் நக்கி ஒரே இரவில் ஈரப்புண்ணாக்கிவிடும் என்பதால் நக்கவிடாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு மாட்ட வேண்டியிருக்கும்.

பின்புறத்தைத் தரையில் தேய்ப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தப் பிளேடு எரிச்சல்தான், இல்லையென்றால் ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பியைக் கடையில் பிதுக்கியதால் வந்த உறுத்தல். இரண்டு நாளைத் தாண்டினாலோ வீக்கம் தெரிந்தாலோ காட்டிவிடுங்கள். நகத்தை ரத்தநாளம் வரை வெட்டியிருந்தால் அந்தக் காலையே நக்கிக்கொண்டிருக்கும். மறுபடி ரத்தம் கசிந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும்.

காதை யாரும் கவனிப்பதில்லை. காதைச் சுற்றிச் சடைபிடித்த முடியை ஒட்ட வெட்டியதும் அதுவரை கனத்துக் கிடந்த காது திடீரென்று லேசாகிறது, கூசுகிறது, நாய் தலையை உதறுகிறது. உதறலின் வேகத்தில் காது மடலுக்குள் ரத்தக்குழாய் வெடித்து மடல் பஞ்சுத் தலையணைபோல் உப்பிவிடும். அதிகமாக உதறினால் மெல்லிய துணிப்பட்டையால் காதுகளைத் தலையோடு சேர்த்து, இரு விரல் நுழையும் தளர்வில் சுற்றி வையுங்கள். கழுத்தை இறுக்கவே கூடாது. அழகுக்காக மாட்டிய ரிப்பன், ரப்பர் பேண்டு எதுவானாலும் வீடு வந்ததும் கழற்றுங்கள். முடியில் போட்டதாக நினைத்த ரப்பர் பேண்டு காது நுனியையும் சேர்த்து இறுக்கியிருந்தால் ரத்த ஓட்டம் நின்று நுனி அழுகிவிடும்.

அரிது என்றாலும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. குளித்து ஓரிரு நாளில் முதுகைத் தொட்டாலே வீறிட்டு, காய்ச்சலோடு சுருண்டு படுத்தால், அது மயிர்க்கால்களுக்குள் ஆழமாக இறங்கிய பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். தண்ணீர் கலந்து நாள்பட வைத்த ஷாம்போவில் கிருமி பெருகும். முடியின் போக்குக்கு எதிராக அழுத்தித் தேய்க்கும்போது உள்ளே புகும். கொப்புளம் தெரிய வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வலி இல்லை என்று உறுதியானால் தேவை அமைதிதான். கடையிலிருந்து வந்ததும் சிறுநீர் கழிக்கச் சற்று நடக்கவிட்டு, சந்தடியற்ற அறையில் அதன் பழைய படுக்கையை விரித்துவிடுங்கள். 'நாய் சுத்தமாகிவிட்டது' என்று படுக்கையையும் அன்றைக்கே துவைத்துப்போட்டால் அதற்குத் தெரிந்த ஒரே வாசனையும் போய்விடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவும், ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான தீனியில் பாதியும் வையுங்கள். ஒளிந்திருந்தால் இழுக்காதீர்கள். தானாக மடிக்கு வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது வெறும் பேச்சு. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் சில மணி நேரம் பிரித்து வைப்பது நல்லது. ஷாம்போ மணத்தோடு வரும் தோழனைப் பார்த்து அது உறுமக்கூடும்.

நடுக்கத்தை எல்லாம் பயம் என்று எண்ண வேண்டாம். ஒட்டச் சிரைத்த சின்ன உடம்புக்குக் குளிரும். மெல்லிய சட்டை போட்டால் நிற்கும். வெகுநேரம் பட்டினி கிடந்த மிகச் சின்ன இனக் குட்டி தள்ளாடினால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம்: ஈறில் தேன் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். தட்டை மூக்கு நாய் நிழலில் படுத்தும் மூச்சிரைப்பு அடங்காமல், உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அவசரம். இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 வரைதான். சாதாரணக் குளிர்நீரால் நனைத்து, விசிறியபடியே கொண்டுபோங்கள். நமது பாராசிட்டமால், இபுபுரூஃபன், தூக்க மாத்திரை எதையும் எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது.

அடுத்த முறைக்கான வேலை மறுநாளே தொடங்குகிறது. தினமும் இரண்டு மூன்று நிமிடம் பாதம், காது, வாலடியைத் தொட்டு உடனே ஒரு துண்டு தின்பண்டம். ஓடாத கிளிப்பரை உடம்பில் வைத்து ஒரு துண்டு. பிறகு அடுத்த அறையில் ஓடும் டிரையர், ஒரு துண்டு. வரிசை மாறக் கூடாது: முதலில் சத்தம், பிறகு தீனி. தீனியைக் காட்டி ஏமாற்றிச் சத்தம் போட்டால் தீனியே அபாய அறிவிப்பாகிவிடும். நீள முடி நாயைத் தோல்வரை சீவி, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அழைத்துப்போனால் மேசையில் நிற்கும் நேரம் குறையும். ஆறு மாதச் சடையோடு போகிற நாய்க்கு ஒட்டச் சிரைப்பதைத் தவிர வழியில்லை. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை.

கடைக்காரர்களிடமும் கேட்க வேண்டியவை உண்டு. நாளின் முதல் முறையைக் கொடுங்கள், கூண்டில் வைக்காமல் ஒரே மூச்சில் முடித்து அனுப்புங்கள், கூண்டில் அடைத்துச் சூடான காற்று வீசும் கூண்டு டிரையர் வேண்டாம், மிகவும் பயந்தால் குளியல் ஒரு நாள் வெட்டு ஒரு நாள் என்று பிரியுங்கள். நாயைத் திருப்பித் தரும்போது எந்த ஷாம்போ, எந்த எண் பிளேடு, சுரப்பியைப் பிதுக்கினோமா, காது முடியைப் பிடுங்கினோமா, எங்காவது கீறியதா என்று சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிப் பராமரிப்பாளர்கள் சிலர்