மேனேஜர் ஆயிட்டியாமே உமையா

அன்புள்ள உமையா,

உன் மெயில் வந்து கிடக்கு, பதில் போடணும் போடணும்னே நாள் ஓடிருச்சு, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான் இருக்கு, ஆனா கோட்டையூர்ல யாருக்கோ பீமரத சாந்தி, அதான் எழுபதாம் கல்யாணம்னா போதும், மொத ஆளா கிளம்பிருவாங்க.

கோயமுத்தூர்ல அந்த கிளினிக்குக்கு நீ மேனேஜர் ஆனது எனக்கு அவ்வளவு சந்தோஷம்டி. நீ எழுதினதுல ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. சர்வன்ட் லீடர்ஷிப், அதாவது கீழ இருக்கறவங்களுக்கு சேவை செய்யற தலைமைன்னு ட்ரெயினிங்ல ஒரு நாள் கிளாஸ் எடுத்தாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, மறுநாள் கவுன்ட்டர்ல கூட்டம் நின்னப்ப அதுல ஒண்ணும் கைகொடுக்கல, எல்லார்கிட்டயும் நல்லபடியாவும் இருந்து வேலையும் நடக்கணும்னா நீ எப்படிடி சமாளிக்கிறன்னு கேட்டிருந்த. இது வாட்ஸ்அப்ல சொல்ற விஷயம் இல்ல, அதான் உக்காந்து எழுதறேன்.

கிரீன்லீஃப்னு ஒரு அமெரிக்கர், ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனில ரொம்ப வருஷம் வேலை பாத்தவர், அவர் 1970ல எழுதின கட்டுரையில இருந்து தான் இந்தப் பேரே பரவுச்சு. அவர் சொன்னதுல எனக்கு தினமும் உதவுறது ஒரே ஒரு கேள்வி: உனக்குக் கீழ வேலை பாக்கறவங்க உன்னால வளந்தாங்களா, முன்ன விட சுயமா முடிவெடுக்கறாங்களா? மேனேஜர் எவ்வளவு பணிவா பேசறா, எல்லாரோட டீ கிளாசையும் கழுவி வைக்கிறாளாங்கறதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ள வரவே வராது. எனக்குப் பட்டதைச் சொல்றேன், பேஷன்ட்டைத் தொடற கைக்கு எது குறுக்க நிக்குதோ அதை எடுத்துப் போடறது தான் நம்ம வேலை, அது என்னன்னு நமக்கா தெரியாது, கீழ இருக்கறவங்க வாயைத் திறந்து சொன்னா தான் தெரியும்.

ஒண்ணு சொல்றேன் கேளு. நான் மேனேஜரா இருக்கற எங்க ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங்ல ஒரு அக்கா, பள்ளத்தூர் பக்கத்துல இருந்து பஸ் ஏறி வருவாங்க. ஒரு நாள் சாயங்காலம் ட்யூட்டி முடிஞ்சு கிளம்பறப்ப கையை முந்தானைக்குள்ளயே வச்சுக்கிட்டு பேசறாங்க. என்னக்கா கையிலன்னா ஒண்ணுமில்லம்மாங்கறாங்க. சீனியர் சிஸ்டர் கையைப் பிடிச்சு பாத்தா ஆள்காட்டி விரல்ல மஞ்சத்தூள் அப்பியிருக்கு. காலையில டிரெஸ்ஸிங் கழிவு போடற மஞ்சப் பையைக் கட்டறப்ப உள்ள கிடந்த ஊசி குத்தியிருக்கு, க்ளவுஸைத் தாண்டி. அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கான்னு கேட்டதுக்கு, முன்னாடி வேலை பாத்த இடத்துல இப்படி ஒரு பொண்ணுக்கு குத்தினப்ப, பாத்து எடுக்கத் தெரியாதான்னு திட்டி சம்பளத்துல பிடிச்சாங்களாம், அந்தப் பயம்.

உனக்குத் தெரியும்ல, ஊசி குத்தினா உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணில கழுவணும், பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, எச்ஐவி வராம தடுக்கற மாத்திரைய முடிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனம் இல்ல. யாருக்குப் போட்ட ஊசின்னே தெரியாததால டாக்டர் அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சுட்டாரு, 28 நாள் கோர்ஸ். பிற்பாடு எடுத்த டெஸ்ட் எல்லாம் சுத்தமா வந்துச்சு, குன்றக்குடி முருகன் புண்ணியம். ஆனா அன்னைக்கு தான் இன்னொண்ணு வெளிய வந்துச்சு, நர்ஸ் பொண்ணுங்க எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டிருக்கு, கான்ட்ராக்ட்ல வர்ற ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க ஒருத்தருக்குக் கூட போடல. குப்பையைக் கையால அள்றது அவங்க தான். அந்த வாரமே போட ஆரம்பிச்சோம், நீயும் உங்க கிளினிக்ல மொத வேலையா இதைப் பாரு.

மறுநாள் மீட்டிங்ல எல்லாரும் கேட்டது, மஞ்சப் பையில ஊசியைப் போட்டது யாருன்னு தான். ஊசி போக வேண்டியது குத்தினா கிழியாத வெள்ளை டப்பாக்குள்ள, 2016 மருத்துவக் கழிவு ரூல்ஸ்லயே இருக்கு, சுவத்துல சார்ட்டும் ஒட்டியிருக்கோம். யார் போட்டதுன்னு நான் தேடல. நைட் ட்யூட்டி சிஸ்டர் கூடவே வார்டு முழுக்க நடந்தேன். ஊசியை வெட்டற கட்டர் மெஷினும் டப்பாவும் நர்சிங் ஸ்டேஷன்ல இருக்கு, கடைசி பெட்டு வராண்டா கோடியில. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒத்தை ஆளா இருக்கற பொண்ணு, அந்தப் பக்கம் ஊசி போட்டுட்டு இருக்கறப்பவே இந்தப் பக்கம் ஒருத்தருக்கு மூச்சு வாங்குதுன்னு கூப்பிடறாங்க, ஊசியை கிட்னி ட்ரேயில பஞ்சோட வச்சுட்டு ஓடறா, திரும்பி வந்து ட்ரேயை அப்படியே பையில கவுத்தறா. யாரா இருந்தாலும் அதைத் தான் செய்வாங்க. ஒவ்வொரு ட்ராலியிலயும் ஒரு சின்ன கட்டரும் டப்பாவும் மாட்டிட்டோம், அதுக்கு ஆன செலவு ஒரு ஏசி சர்வீஸ் அளவு கூட வராது. பெருசா நினைக்கறது வேற, அதுக்கப்புறம் ஜனங்க தானா வந்து சொல்ல ஆரம்பிச்சாங்க, இந்த மாத்திரை ரெண்டும் ஒரே மாதிரி அட்டையில வருதும்மா, ஆறாம் நம்பர் பாத்ரூம் வாசல்ல வழுக்குதும்மான்னு.

ஹார்வர்ட்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை இருக்காங்க, அவங்க 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து கொடுக்கறதுல வர்ற தப்பை ஆராய்ச்சி பண்ணினாங்க. நல்ல தலைமை இருக்கற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்தா, அங்க தான் அதிகமா பதிவாகியிருந்துச்சாம். அங்க தப்பு நிறைய நடக்கல, நடந்ததை மறைக்காம சொல்றாங்க, அவ்வளவு தான். அதனால உங்க ரிஜிஸ்டர்ல தப்பே இல்லன்னு ஒரு மாசம் காலியா கிடந்தா சந்தோஷப்படாதடி, பயப்படு.

நம்ம ஊர்ல இது இன்னும் கஷ்டம். ஐயா பர்மால வட்டிக்கடையில எடுபிடி வேலைக்கு, அதான் பெட்டியடிப் பையனா போய், ரெண்டாம் ஆளான அடுத்தாளாகி, கடையையே நடத்தற மேலாளா வந்த கதைய நீயும் எங்க வீட்டு வளவுல உக்காந்து கேட்டிருக்க. கிட்டங்கின்னு சொல்ற கடைக் கட்டடத்தைக் கூட்டி, ஏடு தூக்கி, வசூலுக்கு நடந்து, ஒவ்வொரு படியா ஏறினதால கீழ இருக்கறவன் கஷ்டம் மேலாளுக்குத் தெரியும், அந்த முறையில அது பெரிய நல்லது. ஆனா மேலாள் முன்னாடி பையன் வாயைத் திறக்க முடியாது, அதுவும் அந்த முறையில தான் இருந்துச்சு. அந்தப் பழக்கம் இன்னைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்குது. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்த சர்ஜரி செக்லிஸ்ட்ல 19 பாயிண்ட் இருக்கு, அதுல ஒண்ணு, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி டீம்ல எல்லாரும் பேரும் பொறுப்பும் சொல்லணும். ஒரு தடவை வாயைத் திறந்துட்ட பொண்ணுக்கு அப்புறம் சார் இது வலது கால் இல்ல இடது கால்னு சொல்ல தைரியம் வரும். எங்க சீஃப் டாக்டர் அறுபதைத் தாண்டினவரு, அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன், இப்ப அவரே புதுசா சேந்த சிஸ்டர்ல இருந்து தான் ஆரம்பிக்கறாரு. அது அவரோட பெருந்தன்மை.

அப்புறம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. நம்ம ஊர் ஆச்சிமாருக்கு கண்புரைன்னா மொதல்ல வாயில வர்ற பேரு அது. டாக்டர் வெங்கடசாமி 58 வயசுல அரசு வேலையில இருந்து ரிட்டையர் ஆகி, முடக்குவாதத்துல வளைஞ்ச விரல்களோட, 1976ல 11 படுக்கையில ஆரம்பிச்சது. அங்க சேவை மனப்பான்மை பத்தி எல்லாரும் பேசுவாங்க, நான் பாக்கறது அதோட அமைப்பை. கிராமத்துப் பொண்ணுங்களை எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து கண் அளக்கறது, தயார் பண்றது எல்லாம் அவங்க கையில கொடுத்துட்டாங்க, டாக்டர் ஒரு டேபிள்ல ஆபரேஷன் முடிச்சு திரும்பினா பக்கத்து டேபிள்ல அடுத்த பேஷன்ட் ரெடி. அந்தப் பொண்ணுங்களும் வளந்தாங்க, பணம் கட்ட முடியாதவங்களுக்கும் கண்ணு வந்துச்சு. சிரிச்ச முகமா இருக்கறதால மட்டும் இது நடக்குமா சொல்லு.

உன் கவுன்ட்டர் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு பேர் லீவுன்னு வாரம் முழுக்க நீயே பில் போட்டேன்னு எழுதியிருந்த. ஒரு நாள் செய், அவங்க கஷ்டம் புரியும். பழக்கமாக்கிடாத. நீ பில் போடற நேரத்துல காப்பீட்டு க்ளெய்ம் பெண்டிங் கிடக்கும், லைசென்ஸ் புதுப்பிக்கற தேதி தாண்டும், அடுத்த மாச ட்யூட்டி ரோஸ்டர் கடைசி நாள்ல வரும், அதுல அடி வாங்கறது அதே பொண்ணுங்க தான்.

அதுக்குப் பதிலா அவங்களுக்கு அதிகாரம் கொடு. இங்க பாதி வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, பிள்ளைங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ, அவ்வளவு பெரிய வீட்ல ஆச்சியும் சமையல்கார அம்மாவும் மட்டும். ஓபிக்கு வந்தா டோக்கன் நம்பர் கூப்பிட்டது காதுல விழாது, வரிசை போயிரும், பர்சைத் திறந்தா காசு பத்தாது. முன்னாடி ரிசப்ஷன் பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் என்னைத் தேடி மாடிக்கு ஓடி வருவா. இப்ப ஒரு தொகை வரைக்கும் ஃபீஸ் குறைக்கறதோ அப்புறம் கட்டுங்கன்னு அனுப்பறதோ, வரிசை தவறினவங்களை நேரா உள்ள விடறதோ அவ முடிவு, யார்கிட்டயும் கேக்க வேணாம், நோட்டுல ஒரு வரி எழுதினா போதும். பணம் ஓடிப் போயிரும்னு அக்கவுன்ட்ஸ்ல பயந்தாங்க, அப்படி எதுவும் ஆகல. அவ குரலே மாறிப்போச்சு, உக்காருங்காச்சி நான் பாத்துக்கறேன்னு சொல்றா.

நல்லபடியா இருக்கறதுன்னா எல்லாத்தையும் பொறுத்துக்கறது இல்ல உமையா. எங்ககிட்ட பில்லிங்ல கெட்டிக்காரர் ஒருத்தர் இருந்தாரு, கணக்கு ஒரு ரூபா தவறாது, ஆனா ட்ரெய்னி பொண்ணுங்களை பேஷன்ட் முன்னாடியே வாடி போடின்னு பேசுவாரு. கூப்பிட்டு சொன்னோம், எழுத்துல கொடுத்தோம், மாறல, அனுப்பிட்டோம். அவரை வச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு நான் என்ன சேவை செய்ய முடியும்?

நல்ல சிஸ்டர்லாம் எம்ஆர்பின்னு அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுக்கற எக்ஸாம் எழுதி கவர்மென்ட் வேலைக்குப் போயிடறாங்க, மத்தவங்க வளைகுடாவுக்கு. சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு இது தீராத பாடு தான், இருந்தாலும் படிக்கறதுக்கு லீவு நான் கொடுத்துடறேன். போன பொண்ணுங்க தான் தங்கச்சியை, ஃபிரெண்டை இங்க சேத்து விடறாங்க, அதை நினைச்சு கொடுக்கல, அவங்க வாழ்க்கை அவங்களுது.

உங்க டாக்டர்கள்ல யாராவது ஒருத்தர் உன் பக்கம் நிக்கறாங்களா, அதை எழுது, அது இல்லாம மேனேஜர் தனியா இதெல்லாம் செய்யறது ரொம்பக் கஷ்டம். அப்படியே உன் ரோஸ்டர் ஷீட்டையும் அனுப்பு, ராத்திரி ட்யூட்டி ஒரே பொண்ணுக்கு அடுத்தடுத்து விழுதான்னு பாத்து ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்.

அன்புடன்,
வள்ளி
காரைக்குடி