நாற்பது பேருக்கும் 120

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜனவரி பிறந்துவிட்டால் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் ஒட்ட அவுட்புட் எடுக்க வருவார்கள். பென் டிரைவில் ஒரே ஒரு ஃபைல் இருக்கும், "ஒரு பிரிண்ட், மிச்சம் ஜெராக்ஸ், மொத்தம் நாற்பது போடுங்கண்ணே" என்பார்கள். நாற்பது பேரும் ஃபேக்டோரியல் (ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) புரோகிராமுக்கு 5 என்றே கொடுத்திருப்பார்கள், நாற்பது பேருக்கும் 120 என்றே வந்திருக்கும். போன வருஷம் ஒரு பையனிடம் சும்மா கேட்டேன், 7 கொடுத்தால் என்ன வரும் தம்பி என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார் 5தான் குடுத்தாரு" என்றான்.

அவன் மக்கு இல்லை. அந்தப் புரோகிராமை ஒரு புள்ளி பிசகாமல் தாளில் எழுதிக் காட்டினான். கடைக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னேன். 7 போட்டான், 5040 வந்தது. அப்புறம் அவனாகவே 20 போட்டான், 100 போட்டான், எண் வரி தாண்டி நீண்டுகொண்டே போனதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கு நின்றவர் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தான்.

பாடத்திட்டம் மோசம் என்று நான் சொல்லவில்லை. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் அடுத்த வருஷம் பிளஸ் டூவுக்கும் வந்த புத்தகங்களை வாங்கிப் படித்தேன், முதல் வருஷம் சி++, இரண்டாம் வருஷம் பைத்தான் என்று புரோகிராம் எழுதும் மொழிகள், கூடவே டேட்டாபேஸில் தகவல் தேட எஸ்கியூஎல். அதற்கு முன்னால் ஸ்டார் ஆபீஸ் என்று வேர்ட் மாதிரியான ஒரு சாஃப்ட்வேரை வருஷக்கணக்கில் படித்துவிட்டு என் கடைக்கு வந்து வேர்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடிய பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு இது பெரிய முன்னேற்றம். பிளஸ் ஒன் புத்தகத்தில் ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் மூன்றையும் ஆற்றைக் கடத்தும் புதிரைக்கூட வைத்திருக்கிறார்கள். புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது, ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் "அதுல புக் பேக் ஒன் வேர்ட் மட்டும் படிச்சா போதும்ணே" என்கிறார்கள். பைத்தானிலிருந்து சி++ ஃபைலை ஓட்டுவது எப்படி என்று பிளஸ் டூவில் ஒரு பாடம் இருக்கிறது, அதைப் பிளஸ் டூ பிள்ளைக்கு எதற்கு வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, சரி, அதை விடுங்கள்.

கோளாறு தேர்வில்தான். நூறு மார்க்கில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20க்கும் எந்தெந்தப் புரோகிராம் என்று முன்கூட்டியே தெரியும், மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் முடிந்தது. நீச்சல் தேர்வைத் தாளில் எழுதவைப்பது மாதிரி இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் கணக்கு இன்னொரு கூத்து. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரவே கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் வேண்டாம்! பிறகு எந்தப் பெற்றோர் அதில் நேரம் போடச் சொல்வார்? சுலபமாக சென்டம் வாங்கும் பாடம் என்று பெயர் வாங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் இங்கே அதில் பாதி நாள் வேறு ஆன்லைன் வேலை ஓடுகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், யாராவது ஒருவர் பொறுப்பில், பிள்ளைகள் இஷ்டத்துக்கு உட்கார்ந்து தப்புத்தப்பாக எழுதிப் பார்க்கத் திறந்துவிட்டால் என்ன? தப்பாக எழுதி, எர்ரர் வந்து, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதானே இந்தப் பாடமே. நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், எனக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது.

கல்வித்துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னக் கணக்கைக் கொடுங்கள். ஐந்து பாட மார்க்கில் எது பெரியது, ஒரு வீட்டு மின் கட்டணம் எவ்வளவு, இந்த அளவுக்கு இருந்தால் போதும். பாதிதான் ஓடுகிறது என்றால் பாதி மார்க் போடுங்கள். அது இந்த வருஷம் முடியாது என்றால் ரெக்கார்டு நோட்டிலாவது ஆளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்து அவுட்புட் எடுத்து வரச் சொல்லுங்கள். எனக்கும் நஷ்டம் இல்லை, ஜெராக்ஸைவிடப் பிரிண்டுக்குக் காசு கூட.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
தென்காசி மாவட்டம்